பழைய ஜி.எம்.சி. மோட்டார்ஹோம்: முதல்ல கிச்சனா, பிரேக்கா?

கேள்வி, ஏப்ரல் 6, 2024

அண்ணா, மிச்சிகன்ல லான்சிங் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில 1976 ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் (உள்ளயே படுக்கை, கிச்சன் இருக்கிற வண்டி) ஒண்ணு பார்த்தேன். 26 அடி, 455 கன அங்குல என்ஜின். பல வருஷமா நின்ன வண்டி, ஆனா ஸ்டார்ட் ஆகுது. கொட்டகையைச் சுத்தி ஓட்டியும் பார்த்தோம். உள்ள பழைய கார்ப்பெட், லேசா ஈர வாடை, அவ்வளவுதான். உள்ள இருக்கிறதைப் பிரிச்சுப் போட்டு புதுத் தரை, புது கிச்சன் வெச்சுட்டா ஜூலையில குடும்பத்தோட மேக்கினா பாலம் தாண்டிப் போயிட்டு வந்துடலாம்னு கணக்குப் போட்டிருக்கேன். என்ஜின், பிரேக் வேலையெல்லாம் குளிர்காலத்துல. சரியா வருமா?

ஏப்ரல் 6, இரவு

வராது தம்பி. வரிசை தலைகீழா இருக்கு. 48 வருஷ வண்டியில முதல் செலவு டயர், பிரேக், பெட்ரோல் லைன். அடுத்தது உள்ள இறங்குற தண்ணி. கிச்சன் கடைசி. இதை மாத்திச் செஞ்சவங்க வண்டிங்கதான் ஒவ்வொரு வசந்தத்துலயும் விற்பனைக்கு வருது: புது கேபினெட், புது சோபா, "மெக்கானிக்கல் வேலை கொஞ்சம் பாக்கி"ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரியிலதான் வண்டியோட பாதி விலை இருக்கு.

இன்னொண்ணு. வாங்கினா ஓட்டிக்கிட்டு வராதீங்க. வண்டி ஏத்துற பிளாட்பெட் லாரியில ஏத்திக் கொண்டு வாங்க. கொட்டகையைச் சுத்தி ஓடினது ஓட்டம் ஆகாது.

ஏப்ரல் 7

நேத்து அவசரத்துல எழுதினேன். வண்டி எப்படிக் கட்டியிருக்குன்னு தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும், அதனால கொஞ்சம் விவரமா.

இதை 1972 மே மாசம் வாஷிங்டன் பக்கத்துல நடந்த டிரான்ஸ்போங்கிற போக்குவரத்துக் கண்காட்சியில முதல்ல காட்டினாங்க. 1973-ல இருந்து 1978 மாடல் வரைக்கும் நம்ம மிச்சிகன் பான்டியாக்ல கட்டினாங்க. மொத்தம் 13,000-க்குக் கொஞ்சம் கம்மி. அந்தக் காலத்து மத்த மோட்டார்ஹோம்ல பெரும்பாலானது ஒரு டிரக் சேஸிஸ் மேல மரச்சட்டம் அடிச்சு அலுமினியத் தகடு போர்த்தினது. இது அப்படி இல்ல. ஓல்ட்ஸ்மொபீல் டொரொனாடோ காரோட முன்சக்கர டிரைவ் அப்படியே இதுல உட்கார்ந்திருக்கு. என்ஜினுக்குப் பக்கத்துலயே கியர்பாக்ஸ், ரெண்டுக்கும் நடுவுல தடிமனான செயின். பின்னாடி போற புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது, பின் ஆக்சில் கிடையாது. அதனாலதான் தரை இவ்வளவு தாழ்வா இருக்கு. பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, நடுவுல ஒரு காற்றுப் பை. பட்டா ஸ்பிரிங் எதுவும் இல்ல.

உடம்பு அலுமினியச் சட்டம். மேல் தோல் அலுமினியமும் ஃபைபர்கிளாஸும். இந்த வயசு வின்னபாகோ கம்பெனி மோட்டார்ஹோமைத் திறந்தா மூலையில மரம் கையில உதிரும். இதுல அந்தப் பயம் பெரும்பாலும் இல்ல. ஆனா கீழ சேஸிஸ் இரும்பு, தரை பிளைவுட். தண்ணி ரெண்டையும் தின்னும்.

என்னோடது 1977, 403 என்ஜின். உங்களோடது 455, அதாவது 7.5 லிட்டர். காலன் 8-ல இருந்து 10 மைல் குடுத்தா சந்தோஷப்படுங்க.

ஏப்ரல் 9

டயர்.

"டயர்ல கட்டை நல்லா இருக்கு"ன்னு, அதாவது ரோட்டுல படுற பக்கம் தேயலைன்னு, எழுதியிருக்கீங்க. நின்ன வண்டியில கட்டை எப்பவும் நல்லாத்தான் இருக்கும். பக்கச் சுவர்ல டாட்-னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி நாலு நம்பரைப் பாருங்க. 2309-ன்னா 2009-ம் வருஷம் 23-வது வாரம். மூணு நம்பர் மட்டும் இருந்தா அது 2000-க்கு முன்னாடி செஞ்சது, அதோட பக்கத்துல நின்னு காத்து அடிக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். இந்த வண்டிக்கு கம்பெனி குடுத்த ரிம் 16.5 அங்குலம். அந்த சைஸ் டயர் இன்னிக்கு அநேகமா கிடைக்கிறதில்ல. 16 அங்குல டயர் எல்லா இடத்துலயும் கிடைக்குது. அரை அங்குலம்தானேன்னு 16 டயரை 16.5 ரிம்ல மாட்டப் பார்க்கிறவங்க இருக்காங்க, அது உள்ளயும் ஏறிடும். ஆனா அந்த ரிம்ல டயர் உட்காருற இடத்தோட சரிவே வேற. காத்து ஏத்த ஏத்த பீடுக்குள்ள, அதாவது ரிம்ல உட்காருற டயர் விளிம்புக்குள்ள, இருக்கிற கம்பி இழுபட்டு அறுந்து வெடிக்கும். இதுல ஆள் செத்திருக்காங்க. போன வருஷம் ஒரு டயர் கடையில என் கண் முன்னாடியே ஒரு பையன் இதைச் செய்யப் போனான், ரிம்ல இருந்த எழுத்தைக் காட்டி நிறுத்தினேன். முதலாளிக்கே அந்த வித்தியாசம் தெரியல.

அதனால ரிம்மோட மாத்துங்க. இந்த வண்டிக்குன்னே 16 அங்குல ரிம் விக்கிறாங்க. 225/75 ஆர் 16, அதிக பாரம் தாங்குற லோடு ரேஞ்ச் ஈ வகை, ஆறு டயர். முதல் செலவு இதுதான். வலிக்கும்.

ஏப்ரல் 13

பெட்ரோல்.

இந்த வண்டிங்க அழியறதுக்குத் துருவை விட நெருப்பு பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். என்ஜின் உங்க சீட்டுக்குப் பக்கத்துல, உள்ள இருக்கிற ஒரு மூடிக்குக் கீழ. அங்க பெட்ரோல் சொட்டினா கீழ கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அதாவது என்ஜின் புகை வெளிய வர்ற குழாய்.

ரெண்டு டேங்க், சேஸிஸ் சட்டத்துக்கு நடுவுல தொங்குது. மேல இருக்கிற ரப்பர் ஹோஸ் டேங்கை இறக்காம கைக்கு எட்டாது. அதனாலயே 40 வருஷமா அதை யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. அந்தக் காலத்து ரப்பர் இன்னிக்கு வர்ற 10 சதவீத எத்தனால் பெட்ரோலைத் தாங்காது. ஒரு துண்டை எடுத்து விரலால மடக்கிப் பாருங்க. மேல பளபளன்னு இருக்கும், மடக்கின இடத்துல குறுக்கால வெடிச்சு உள் நூல் தெரியும். என்னோடதுல ஒரு ஹோஸ் மடக்கும்போதே ரெண்டாப் போச்சு. உள்பக்கம் கருப்பு மாவா கையில ஒட்டினது. அந்த மாவுதான் கார்புரேட்டர் ஊசியை அடைக்கிறது.

டேங்கை இறக்குங்க. எல்லா ஹோஸையும் மாத்துங்க, பெட்ரோல் ஊத்துற வாய்ல இருக்கிற தடிச்ச ஹோஸ் உட்பட. ஜே30 ஆர்9-ங்கிற பெட்ரோல் ஹோஸ் தரம் மேல அச்சடிச்சிருக்கணும்.

அடுத்தது இந்த வண்டியில இருக்கிற குவாட்ராஜெட் மாடல் கார்புரேட்டர். பெட்ரோல் உள்ள வர்ற வாயில ஒரு பெரிய நட் இருக்கும், அதுக்குள்ளதான் சின்ன ஃபில்டர். பித்தளை மாதிரி தெரியற அந்த நட் மென்மையான உலோக உடம்புல உட்காருது. யாராவது ஒருத்தர் பலத்தைக் காட்டி முறுக்கியிருந்தா மரை போயிருக்கும். என்ஜின் ஓடும்போது டார்ச் அடிச்சுப் பாருங்க, சுத்தி ஈரம் தெரிஞ்சா வண்டியை நிறுத்திடுங்க.

ஏப்ரல் 14

விட்டுப் போச்சு: தீயணைப்பான். ஓட்டுறவர் கைக்கு ஒண்ணு, கதவுப் பக்கம் ஒண்ணு, படுக்கைக்கிட்ட ஒண்ணு. என்ஜின் அறைக்குன்னு சூடு பட்டா தானே அடிக்கிற வகையும் இருக்கு, நான் போட்டிருக்கேன்.

ஏப்ரல் 21

ஈர வாடைன்னு ரெண்டு சொல்லுல முடிச்சிருந்தீங்க. அதுதான் பெரிய விஷயம்.

தண்ணி எங்க சொட்டுதோ அங்க ஓட்டை இருக்காது. சட்டத்துக்குள்ள நுழைஞ்சு, இன்சுலேஷன் ஓரமா ஓடி, எட்டடி தள்ளிக் கீழ இறங்கும். படுக்கைக்குக் கீழ பிளைவுட் கருத்திருந்தா அதுக்கு மேல இருக்கிற ஜன்னலை மட்டும் அடைச்சுட்டு நிம்மதியாயிடாதீங்க.

நான் செய்யற முறை இது. எல்லா ஜன்னலையும் சாத்தி, கூரை வென்ட் ஒண்ணுல அட்டை வெட்டி டேப் ஒட்டி, அதுல ஒரு சாதாரண ஊதுற ஃபேனைச் செருகி வண்டிக்குள்ள காத்தை அடைக்கணும். வெளிய ஏணி போட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தண்ணியில கலந்து ஸ்பிரே பண்ணிக்கிட்டே போகணும். எங்க ஓட்டையோ அங்க குமிழி வரும். பெரிய ஓட்டையில நுரை பொங்கும், மயிரிழை ஓட்டையில சின்னச் சின்னதா முட்டை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே வாங்க.

என் வண்டியில ஜன்னலை விட, முன்னாடி மேல வரிசையா இருக்கிற அஞ்சு மஞ்சள் விளக்குக்கு அடியிலதான் அதிகம் வந்தது. ஒண்ணைக் கழட்டினேன். அடியில இருந்த சீலண்ட் பிஸ்கட் மாதிரி நொறுங்கி விழுந்தது, ஸ்குரூ ஓட்டையைச் சுத்திப் பச்சையா பாசி. அந்தத் தண்ணி ஓட்டுறவர் தலைக்கு மேல இருக்கிற பேனலுக்குப் பின்னாடி இறங்கி டேஷ்போர்டு வயர்க்கட்டு வரைக்கும் போயிருந்தது. வைப்பர் ஒழுங்கா வேலை செய்யாததுக்குக் காரணம் அங்கதான் கிடைச்சது. மோட்டார் நல்லாவே இருந்தது.

கூரை ஏ.சி.யோட கேஸ்கெட், வென்ட் ஓரம், ஆன்டெனா அடி, இந்த மூணையும் கேள்வியே கேட்காம புதுசு போடுங்க.

ஏப்ரல் 28

நீங்க அனுப்பின படத்தையெல்லாம் பெரிசாக்கிப் பார்த்தேன். முதல் நாள் "வாங்கினா"ன்னு லேசா எழுதிட்டுப் போயிட்டேன், இப்ப யோசனை மாறுது. கடைசி ரெண்டு படத்துல பின்சக்கரத்துக்கு மேல சேஸிஸ் சட்டம் தெரியுது. இடது பக்கம் மேல்துரு, தேய்ச்சா போயிடும். வலது பக்கம் துரு ஏடு ஏடாப் பிரிஞ்சிருக்கு. பனிக்கு உப்பு தூவுற மிச்சிகன் ரோட்டுல ஓடின வண்டிக்கு இதுதான் வியாதி.

ஒரு கூரான சுத்தியல் எடுத்துட்டுப் போய்த் தட்டுங்க. நல்ல இரும்புல மணிச் சத்தம், போன இரும்புல மொத்துன்னு கேட்கும். அந்த இடத்துலதான் காற்றுப் பையோட பாரமெல்லாம் இறங்குது. லோடு ஏத்தினா வண்டி 5 டன்னைத் தொடும். ஓட்டை விழுந்தா மேல தகடு வெச்சு ஒட்டுறது ஆகாது. வெட்டி எடுத்து, அதே தடிமன்ல இரும்பு வெச்சு, டிரக் சேஸிஸ் வேலை தெரிஞ்சவர் வெல்டிங் பண்ணணும். அந்தச் செலவை விலையில இருந்து குறைக்கச் சொல்லுங்க. குறைக்கலைன்னா விட்டுடுங்க. டெக்சஸ், அரிசோனா பக்கம் உப்பு படாத வண்டிங்க இருக்கு. லாரியில கொண்டு வர்ற செலவு வெல்டிங் செலவை விடக் கம்மியாகலாம்.

மே 5

வாங்கிட்டீங்க, விலையும் குறைஞ்சது. நல்லது. சுத்தியல் சத்தம் நல்லாவே கேட்டதுன்னு எழுதினதுல எனக்குத்தான் பெரிய நிம்மதி. சரி, பிரேக்.

முன்னாடி டிஸ்க், பின்னாடி நாலு சக்கரத்துலயும் டிரம். வீல் சிலிண்டர் நாலையும் மாத்துங்க. ஒழுகலைன்னாலும் மாத்துங்க. நின்ன வண்டியில பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வெச்சிருக்கும், உள் சுவர்ல குழி விழுந்திருக்கும். நாலு தடவை மிதிச்சதும் ரப்பர் அந்தக் குழியில கிழியும். ரப்பர் பிரேக் ஹோஸும் புதுசு போடணும். இதுல ஒரு தந்திரமான பழுது இருக்கு: வெளிய பார்த்தா ஹோஸ் நல்லா இருக்கும், உள் தோல் உப்பி வழியை அடைச்சிருக்கும். மிதிச்சா அழுத்தம் போகும், விட்டா திரும்பி வராது. பிரேக் பிடிச்சபடியே ஓடி டிரம் காயும். பல பேர் பேரிங்கை மாத்தி மாத்திப் பார்ப்பாங்க.

முன்சக்கர பேரிங் இந்த வண்டியோட பலவீனம். கார்ல இருந்து எடுத்தது, தூக்குறது டிரக் பாரம். பிரிச்சு, கழுவி, நல்ல கிரீஸ் அடைச்சு மாட்டணும். முன்சக்கர வேலை தெரியாத கடையில மட்டும் குடுக்காதீங்க.

மே 6

அடியில படுக்கிறதுக்கு முன்னாடி: காற்றுப் பை வண்டியைத் தூக்கிப் பிடிச்சிருக்குன்னு நம்பி ஒரு விரல் கூட உள்ள விடாதீங்க. பை பொக்குன்னு போனா உடம்பு மொத்தமும் இறங்கும். சட்டத்துக்கு அடியில ஸ்டாண்ட் வெச்சு, அது மேல பாரம் இறங்கின பிறகுதான் படுக்கணும். ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்.

மே 18

"இப்பவாவது உள்ள கை வைக்கலாமா"ன்னு உங்க வீட்டுல தங்கச்சி கேட்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. வைக்கலாம். அவங்க இவ்வளவு நாள் பொறுத்ததே பெருசு.

கார்ப்பெட்டை எடுத்ததும் பிளைவுட்டை ஸ்குரூடிரைவரால குத்திக்கிட்டே போங்க. மெத்துன்னு போற இடத்தை வெட்டி எடுத்துட்டு நல்ல எக்ஸ்டீரியர் பிளைவுட் போடுங்க, வெட்டு ஓரத்துல எப்பாக்சி தடவிட்டு. முழுத் தரையையும் பெயர்க்கத் தேவையில்ல. வீட்டுக்குப் போடுற செராமிக் டைல் வேண்டாம். வண்டி முறுக்கும்போது டைல் விரிசல் விடும், பாரமும் கூடும். கேபினெட் மரம், கல் மேடை எல்லாத்துக்கும் இதே பேச்சுதான்: ஒவ்வொரு கிலோவும் அந்த முன் பேரிங் மேல உட்காருது.

கேஸ் லைனை மறைக்கிற எந்தப் பலகையும் போடுறதுக்கு முன்னாடி லைனை அழுத்தம் வெச்சுச் சோதிக்கணும். வீட்டு சிலிண்டர் மாதிரி ஹோஸை மட்டும் சோப்புத் தண்ணி தொட்டுப் பார்த்தா போதாது. ரெகுலேட்டர் பழசுன்னா மாத்திடுங்க. கேஸ் டிடெக்டர் தரை ஓரத்துல இருக்கணும், புரொப்பேன் காத்தை விடக் கனம். கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் படுக்கைக்கிட்ட தனியா ஒண்ணு. ரெண்டுக்கும் பின்னாடி காலாவதித் தேதி அச்சடிச்சிருக்கும். தேதி போனது பச்சை விளக்கு எரிஞ்சாலும் பயனில்ல.

ஃபிரிட்ஜ் கேஸ்ல ஓடுற பழைய வகை. அதுல கம்ப்ரசர் கிடையாது, சூட்டுல அம்மோனியா சுத்துது. பின் பக்க மூடியைத் திறங்க. குழாய்ல மஞ்சள் பொடி படிஞ்சிருந்து அம்மோனியா நெடி மூக்கைக் குத்தினா அந்த யூனிட் முடிஞ்சது, செலவு பண்ணாதீங்க. அது வேலை செஞ்சாலும் வண்டி மட்டமா நிக்கணும், சரிவுல மணிக்கணக்கா ஓடினா உள் குழாய் கெடும். நான் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு மாறிட்டேன். குழந்தைங்க பால் கெடாம இருக்கு, ராத்திரி நெருப்பு எரியுதேங்கிற நினைப்பும் இல்ல.

மே 26

கார்புரேட்டரைத் தூக்கிட்டு ஃபியூவல் இன்ஜெக்ஷன் போட்டுடலாமான்னு கேட்டீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா போடுங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப சொல்லமாட்டேன், முதல் வருஷத்துல வேண்டாம்.

வெயில் நாள்ல மேடு ஏறும்போது இந்த வண்டிங்க திணறி நிக்கும், அதுக்குக் காரணம் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்ல. பம்பு என்ஜின்கிட்ட இருந்துக்கிட்டு டேங்க்ல இருந்து அவ்வளவு தூரம் உறிஞ்சுது. உறிஞ்சும்போது லைன்ல அழுத்தம் குறையும், எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டுல சீக்கிரமே ஆவியாகும். பம்புக்கு வர்றது ஆவிதான். டேங்க் பக்கத்துல ஒரு எலக்ட்ரிக் பம்பு வெச்சு முன்னாடி தள்ளினா அநேகமா தீர்ந்துடும். ஆனா அந்தப் பம்போட கரண்ட் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியா போகணும். என்ஜின் நின்னா பம்பும் நிக்கணும், இல்லைன்னா விபத்துல அறுந்த ஹோஸ் வழியா அது பாட்டுக்குப் பெட்ரோலைக் கொட்டிக்கிட்டே இருக்கும்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் படகுத்துறை பக்கத்து பங்க்ல கிடைக்கும். குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது டேங்க்ல அதுதான் இருக்கணும்.

ஜூன் 8

சோப்பு நுரைப் படங்கள் பார்த்தேன், அருமையாப் பிடிச்சிருக்கீங்க. பின் ஜன்னல் மூலைக்கு சிலிக்கான் அடிச்சேன்னு எழுதினதுதான் சங்கடம். வெளிய எங்கயும் சிலிக்கான் வேண்டாம். அது விட்டுப் போற நாள்ல அதோட எச்சம் மேல வேற எந்த சீலண்டும், பெயிண்டும் ஒட்டாது. இன்னும் பச்சையா இருக்கும்போதே பிளாஸ்டிக் சுரண்டியால எடுத்துடுங்க. ஃபிரேம் அடியில பியூட்டைல் டேப்ங்கிற ஒட்டுற ரப்பர் பட்டை, ஸ்குரூவை ஒரே மூச்சுல முறுக்காம சுத்திச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமா. ஓரத்துல பிதுங்கி வர்றதை மறுநாள் வெட்டிடலாம். கூரையில மட்டும் தானே பரவுற லேப் சீலண்ட்.

நேரம் இருந்தா ஜி.எம்.சி. உரிமையாளர் சங்கக் கூட்டம் ஒண்ணுக்குப் போங்க. உற்பத்தி நின்னு 46 வருஷம் ஆச்சு, ஆனாலும் காற்றுப் பையில இருந்து ஜன்னல் ரப்பர் வரைக்கும் இன்னிக்கும் பாகம் கிடைக்குதுன்னா அந்த மனுஷங்களாலதான். தன் வண்டிக்குக் கிடைக்காத பாகத்தைத் தானே அச்சு எடுத்து, மத்தவங்களுக்கும் சேர்த்துச் செய்யறவங்க. எனக்கு இந்த வண்டி மேல இருக்கிற ஆசையில பாதி அவங்களைப் பார்த்து வந்தது.

ஜூன் 23

கிச்சன்ல பாதி பாக்கி, அடுப்பு மட்டும் இருக்கு, ஜூலை பயணம் போகலாமான்னா, அடுப்பும் படுக்கையும் போதும். ஆனா நேரா மேக்கினாவுக்குக் கிளம்பாதீங்க. 26 அடிச் சுவர், ஏரிக் காத்து, 5 மைல் நீளப் பாலம். அங்க வெச்சு வண்டியைப் பழகக் கூடாது. முதல்ல ஹோலி பக்கம் மாநிலப் பூங்காவுக்கு ஒரு ராத்திரி போயிட்டு வாங்க.

போகும்போது அரை மணி ஓடினதும் ஓரமா நிறுத்தி, கைத் தெர்மாமீட்டர் துப்பாக்கியால ஆறு சக்கரத்தோட நடுவுலயும் சூட்டைப் பார்த்து எழுதுங்க. முன்னாடி ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட இருக்கணும், பின்னாடி நாலும் தங்களுக்குள்ள கிட்ட இருக்கணும். ஒண்ணு மட்டும் தனியா எகிறினா அந்தச் சக்கரத்துல பிரேக் விடல, இல்ல பேரிங் போகுது. சக்கர நட்டையும் அப்பவே, முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச்ல மறுபடி பாருங்க, புது ரிம்ல முதல் 50 மைல்ல நட் இளகலாம். அந்த ஆறு நம்பரையும் இங்க போடுங்க. பார்த்துட்டு பாலத்தைப் பத்திப் பேசலாம்.